ஐந்தரைக் கட்டைப் பியானோ

"சார், யுவர் பியானோ இஸ் ராங்."

என் மகள் நித்யாவின் குரல்தான். நாலாம் வகுப்புப் படிக்கிற குழந்தை, பியானோ பரீட்சை நடத்த லண்டனிலிருந்து வந்திருந்த பெரியவரிடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அறைக்கு வெளியே நீள வராந்தாவில் ஸ்வெட்டரும் சால்வையுமாக உட்கார்ந்திருந்த அப்பா அம்மாக்கள் அத்தனை பேருக்கும் அது கேட்டது. ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். இன்னொருவர் தன் பையன் தோளைத் தட்டி, நீ உள்ளே போய் அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று ஹிந்தியில் சொல்லி வைத்தார்.

நடு டில்லியில் ஒரு பள்ளிக்கூடம் அது. குளிர்காலக் காலை. மைதானத்தில் பனி இன்னும் விலகவில்லை. எனக்கு வலது பக்கம் என் வீட்டுக்காரர், இடது பக்கம் நித்யாவின் பியானோ டீச்சர் பெரைரா மிஸ். மிஸ் கையில் ஜெபமாலை உருண்டுகொண்டிருந்தது. நித்யாவின் குரல் கேட்டதும் அது நின்றது.

உள்ளே பெரியவர் மெதுவாக ஏதோ சொன்னார். நித்யா மறுபடியும் ஒரு ஸ்வரத்தை அழுத்தினாள், நிறுத்தினாள். இன்னொன்றை அழுத்தினாள், நிறுத்தினாள். பிறகு துணிந்து பாட்டை ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்திலேயே எல்லா ஸ்வரங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் சாம்பார் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் திடீரென்று துண்டு துண்டாக விழுந்தது. அப்புறம் மறுபடியும் இரைச்சல்.

வராந்தாவில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது. அந்த நாற்காலியிலிருந்து எழுந்து, கேட்டைத் தாண்டி, வருகிற பஸ் எதுவாக இருந்தாலும் ஏறிப் போய்விடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் காலனித் தண்ணீர் லாரிச் சண்டையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, திருநெல்வேலியிலிருந்து என் தம்பி போன் செய்தான். "எல்லாத்தையும் பத்திரிகையில எழுதணுமாக்கா?" என்று கேட்டான். இந்த வாரம் எழுதுவதைப் படித்தால் அவன் போனே செய்யமாட்டான்.

ரூம் ஹீட்டர் வாங்கப் போனவர்

அந்தப் பியானோ எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு கூத்து.

டில்லியில் வேலை முடிந்து தங்கள் நாட்டுக்குத் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள், வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றுவிட்டுப் போவார்கள். நல்ல சாமானாக இருக்கும். என் வீட்டுக்காரருடைய ஆபீசில் யாரோ சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூம் ஹீட்டர் வாங்குவதற்காகத் தூதரகங்கள் இருக்கும் சாணக்கியபுரிக்குப் போனார். போனவர் ஒரு டெம்போவின் முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பி வந்தார். பின்னால் போர்வை சுற்றி ஒரு டிஜிட்டல் பியானோ. அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் ஹீட்டர் இல்லாமல் நடுங்கினோம்.

மயூர் விஹாரில் எங்கள் ஃபிளாட் மேல் மாடியில். லிஃப்ட் கிடையாது. கூலி ஆட்கள் பியானோவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் முக்க, கீழ் வீட்டு கன்னா ஆன்ட்டி தன் வாசலில் நின்றபடியே, "ஆராம் சே பையா, ஆராம் சே!" என்று, மெதுவாகப் போகச் சொல்லிச் சொல்லியே அவர்களை மேலே ஏற்றி வைத்தார். எங்கள் ஹாலில் ஃபிரிஜ்ஜுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த ஒரே இடத்தில் அது உட்கார்ந்தது. அன்றிலிருந்து ஃபிரிஜ் கதவு பாதிதான் திறக்கும்.

என் வீட்டுக்காரர் மத்திய சர்க்கார் கம்பெனி ஒன்றில் கணக்கு அதிகாரி. எந்தச் சாமான் வந்தாலும் முதலில் அதன் கையேட்டைப் படித்து, அட்டை போட்டு, பீரோவில் வைப்பார். பிறகு யாரும் அதைத் திறக்கக் கூடாது. நித்யா உட்கார்ந்து இரண்டு கையாலும் டமடம என்று தட்டினாள். முதல் நாளே கீழிருந்து யாரும் சண்டைக்கு வரவில்லை, அதுவே பெரிய விஷயம்.

பெரைரா மிஸ் சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். கோவாக்காரர். மரத்தில் செய்த பழைய பியானோக்களை மட்டும் பியானோ என்று ஒப்புக்கொள்பவர். எங்களுடையதைத் தொடும்போதெல்லாம் மூக்கைச் சுளிப்பார்.

"யே தோ டப்பா ஹை," என்பார். "டப்பாவிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது."

அதனால் அது எப்படி ஒலித்தாலும் அவருக்கு ஆச்சரியம் இல்லை. மட்டமாகத்தான் ஒலிக்கும் என்று முன்பே முடிவு செய்துவிட்டார். பின்னால் அது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதைச் சொல்கிறேன்.

பஸ்ஸில் சொன்ன வார்த்தை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு முன் நான் பாட்டுக் கற்றுக்கொண்டவள். பெரிய பாடகி என்று நினைத்துவிட வேண்டாம். கோயிலில் நவராத்திரிக்கு ஒரு நாள் பாடுவேன், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்து, அவ்வளவுதான். ஆனால் குரல் எனக்குப் பிடித்திருந்தது. தனியாக இருக்கும்போது நானே என்னைக் கேட்டு மகிழ்ந்துகொள்வேன்.

டில்லிக்கு வந்த புதிதில் இவருடைய ஆபீஸ் தமிழர்கள் ஒரு குடும்ப விழா வைத்தார்கள். யார் யாரெல்லாம் பாடுவார்கள் என்று கேட்டபோது இவர்தான் என் பேரைக் கொடுத்தார். மேடையில் ஆர்மோனியத்தோடு ஒரு ஹிந்திக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னிடம் என்னவோ கேட்டார். எனக்கு அப்போது ஹிந்தியில் பால், தண்ணீர், விலை கேட்க ஒரு கித்னா தவிர ஒன்றும் தெரியாது. தலையை ஆட்டினேன். அவர் தனக்குத் தோன்றிய சுருதியைப் பிடித்தார்.

அது என் சுருதி இல்லை. எனக்கு ஐந்தரைக் கட்டை. அவர் பிடித்தது அதற்கு ரொம்ப மேலே. நிறுத்துங்கள், மாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதுப் பெண், பட்டுப் புடவை, எதிரே இத்தனை பேர். பாடினேன். அனுபல்லவியில் மேலே போனபோது குரல் கீறி, காற்றுதான் வந்தது. முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அதை மேடையிலிருந்து பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இனிமே இந்தப் பாட்டெல்லாம் நமக்கு வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் அது அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் நான் யார் முன்னாலும் பாடவில்லை. நித்யாவுக்குத் தாலாட்டுகூட முனகலாகத்தான்.

அரிசிப் பை

இப்போது பியானோவுக்கு வருவோம்.

இவர் ஆபீஸுக்கும் நித்யா ஸ்கூலுக்கும் போனபிறகு ஒரு நாள் தூசி தட்டும்போது பொத்தான்களைப் பார்த்தேன். ஒன்றை அழுத்தினால் வயலின்கள் கூட்டமாக வாசிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஸ, ப, மேல் ஸ மூன்றையும் சேர்த்து அழுத்திப் பார்த்தேன். தம்புரா இல்லைதான். ஆனால் கையை எடுக்காதவரை நிற்காமல் ஒலித்தது. என் கழுத்துப் பின்னால் சிலிர்த்தது. பல வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு சுருதி கிடைத்திருக்கிறது!

பீரோவிலிருந்து கையேட்டை எடுத்தேன். அட்டை கிழியாமல் பிரித்துப் படித்தேன். டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டையை அழுத்தினால் மொத்தப் பியானோவும் அந்தச் சுருதிக்கு இறங்கிவிடும். நித்யாவுக்காக மிஸ் 'சி' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த வெள்ளைக் கட்டையிலேயே என் ஐந்தரைக் கட்டை ஸ வந்து உட்கார்ந்தது. கறுப்புக் கட்டைகளில் விரலைத் தேட வேண்டாம். இன்னும் நுணுக்கமாக ஒரு நூல் ஏற்றி இறக்கவும் வழி இருந்தது. என் தொண்டைக்குத் தக்கபடி ஒரு நூல் இறக்கினேன். மறுநாள் போட்டுப் பார்த்தால் வைத்த இடத்திலேயே இருந்தது. அணைத்தாலும் மறக்காத பியானோ.

அதைத் திருப்பி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நாங்கள் படித்த சங்கீதத்தில் ஸ என்பது ஓர் இடத்தில் கட்டிப் போட்ட மாடு இல்லை. பாடுகிறவருக்கு எது வசதியோ அதுதான் ஸ. ஒரு கட்டையில் பாடினாலும் ஆறு கட்டையில் பாடினாலும் மோகனம் மோகனம்தான். பியானோக்காரர்களுக்கு ஒவ்வொரு ஸ்வரமும் உலகம் முழுக்க ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பாடி முடித்ததும் வயலின் சத்தத்தை மட்டும் பியானோவுக்கு மாற்றிவிட்டு, தடயத்தை அழித்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். சுருதி இறங்கியிருந்ததை மிஸ்ஸும் டப்பாவின் குணம் என்றே விட்டுவிட்டார்.

இன்னொரு சிக்கல் இருந்தது. எனக்குச் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தால்தான் பாட்டு வரும். ஸ்டூலில் உட்கார்ந்து பாடினால் குரல் பாதிதான் வெளியே வருகிறது. தரையில் உட்கார்ந்தால் கட்டையை யார் அழுத்துவது? அதற்குத்தான் பெடல். பெடலை மிதித்துக்கொண்டு கட்டையை அழுத்தினால், கையை எடுத்தபின்னும் சத்தம் அறுந்துபோகாமல் நிற்கும். மிதிக்க நான் இல்லாததால், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வைத்திருந்த புழுங்கலரிசிப் பையைத் தூக்கிப் பெடல்மேல் வைத்தேன். அரிசி சுருதி போட, நான் பாடினேன்.

அந்தப் பகல்கள்! துவைத்த துணி வாளியிலேயே இருக்கும். ஒரு வரியை எடுத்துத் திரும்பத் திரும்பப் பாடுவேன். நித்யா ஸ்கூலிலிருந்து வந்து பெல் அடித்ததும் அரிசிப் பை சமையலறைக்குப் போய்விடும். எனக்குள் சந்தோஷமும் திருட்டுத்தனமும் ஒன்றாகவே இருந்தன. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

டில்லியில் கரண்ட் போகாத பகல் கிடையாது. பாதிப் பாட்டில் போகும், வரும். வந்தபின் ஒரு விசித்திரம் நடக்கும். பெடல்மேல் பை இருந்தால் கையை எடுத்ததும் சத்தம் அறுந்துபோகும். பையை எடுத்துவிட்டால் தானாகவே தொடர்ந்து ஒலிக்கும். எனக்கென்ன, பை தூக்குகிற வேலை மிச்சம். அது ஏன் தலைகீழானது என்று நான் யோசிக்கவில்லை.

நித்யாதான் ஒரு நாள் ஏன் இப்படி என்று கேட்டாள். "அம்மா, சாட்டர்டே பெடல் அமுக்கினா சவுண்ட் வந்துட்டே இருக்கு. மத்த நாள் அமுக்கினா கட் ஆகுது. ஐசா க்யோம்?"

"மெஷின்லா, அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

குழந்தை நம்பிவிட்டாள். அவள் மிஸ்ஸிடம் கேட்கவில்லை, மிஸ் டப்பாவைத் திட்டுவார் என்று பயம். சனிக்கிழமை இவர் வீட்டில் இருப்பார், நான் பாடமாட்டேன், அரிசிப் பைக்கும் விடுமுறை.

புதன்கிழமை

பரீட்சை அறையின் கதவு திறந்தது. நித்யா வெளியே வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி அணைத்துக்கொண்டு ஓடியிருப்பேன். குழம்பிப்போன முகத்தோடு நேராக என்னிடம் வந்து, தெளிவாக, உரக்க, தமிழில் சொன்னாள்.

"அம்மா, அவங்க பியானோ சரியில்ல. ஸ மேல இருக்கு. நம்ம வீட்டு மாதிரி அஞ்சரைக் கட்டை இல்ல. பெடலும் சாட்டர்டே பெடல். இன்னைக்கு வெட்னஸ்டேதானே?"

தமிழில் சொன்னது நல்லதாயிற்று என்று ஒரு வினாடி நினைத்தேன். அடுத்த வரிசையில் இவருடைய மேலதிகாரியின் மனைவி உட்கார்ந்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தஞ்சாவூர்க்காரர். அவர் பையனுக்கும் அன்றைக்குப் பரீட்சை.

"அஞ்சரைக் கட்டையா?" என்றார் என் வீட்டுக்காரர். "யாருக்கு அஞ்சரைக் கட்டை?"

"அம்மாக்கு," என்றாள் நித்யா. "அம்மா தினமும் பாடுவாங்களே."

"எப்பம் பாடுனா?"

"நீங்க ஆபீஸ் போனப்புறம். நான் ஸ்கூல்லேருந்து வந்து படில உக்காந்திருப்பேன். பாட்டு முடிஞ்சப்புறம்தான் பெல் அடிப்பேன். நடுவுல அடிச்சா அம்மா நிறுத்திடுவாங்க."

நான் தரையைப் பார்த்தேன். அந்த வராந்தாவில் மொசைக் தரை, கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிக் கற்கள். அவை ஒவ்வொன்றும் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

மேலதிகாரியின் மனைவி இனிமையாகச் சிரித்தார். "அடடே, நீங்க பாடுவேளா? இத்தனை நாளா சொல்லவே இல்லையே! ஆத்துல யாருக்கும் தெரியாமலா?"

கெட்ட எண்ணத்தோடு கேட்டிருக்க மாட்டார். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் இவருடைய முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்த்தேன். காது வரை சிவந்துவிட்டது. பெரைரா மிஸ்ஸுக்கு ஹிந்தியில் நான் விளக்க வேண்டியிருந்தது. டிரான்ஸ்போஸ் என்ற ஒரு சொல்லிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. ஜெபமாலையைப் பைக்குள் போட்டார்.

"நான்தான் கவனித்திருக்க வேண்டும்," என்றார். "டப்பா டப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நித்யா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து ரகசியமாக என் காதில், "அம்மா, என் காதுதான் தப்பா?" என்று கேட்டாள். அன்றைக்கு நடந்ததிலேயே அந்த ஒரு கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னுடைய ஒளிவுமறைவுக்காக ஒரு குழந்தை தன் காதைச் சந்தேகப்படும்படி ஆயிற்றே.

"உன் காது சரியாத்தான் இருக்கு," என்றேன். "தப்பு பண்ணுனது நான்."

கையேடு

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். யமுனைப் பாலத்தில் குளிர்காற்று முகத்தில் அடித்தது. நித்யா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். இவர் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று நான் மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பியானோவை விற்றுவிடு என்பாரா? ஊருக்குக் கடிதம் எழுதுவாரா?

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்து கையேட்டை எடுத்தார். பியானோ முன் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் படித்து, பொத்தானைப் பிடித்து, கட்டையை அழுத்தினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்தரைக் கட்டை போய்விட்டது. நூல் இறக்கியதையும் ஏற்றிவிட்டார். பெடலைப் பற்றியும் அதிலேயே போட்டிருந்தது. பெடல் மிதிபட்டிருக்கும் நிலையில் கரண்ட் வந்தால், மிதிக்காத நிலை அதுதான் என்று பியானோ எடுத்துக்கொள்ளுமாம். பெடல் தலைகீழான புதிர் அதோடு அவிழ்ந்தது.

"ஏளா, இங்க வா," என்றார்.

போனேன்.

"நெதமும் இதுல பாடிக்கிட்டா இருந்தே?"

"ம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான பாட வேண்டாம்னு சொன்னீங்க."

"நானா?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்பம் சொன்னேன்?"

"ஆபீஸ் விழாவுல நான் பாடுன அன்னைக்கு. வரும்போது பஸ்ல."

யோசித்தார். புருவத்தைச் சுருக்கி, பழைய கணக்கைத் தேடுகிற மாதிரி நிஜமாகவே யோசித்தார்.

"எனக்கு நெனவே இல்லியே," என்றார்.

பொய் சொல்கிற முகமில்லை அது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த ஒரு வார்த்தையைத் தினமும் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன் நான். சொன்னவருக்கு ஞாபகமே இல்லை. இவரிடம் கோபப்படுவதா, வருஷக்கணக்காக ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்காத என்மேல் கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றேன்.

"சொல்லியிருப்பேன்," என்றார் பிறகு, குரலை இறக்கி. "நீ பொய் சொல்ல மாட்டே. ஆனா இன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால, எம்பொண்டாட்டி எனக்குப் பயந்து ஒளிஞ்சு பாடுதாளாம்னு ஆயிப்போச்சே. மூஞ்சிய எங்க கொண்டு வைக்கன்னு தெரியல."

அவமானம் என்னுடையது மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நித்யா ஃபிரிஜ் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசிக்கிறது என்றாள். தோசை சுட்டேன்.

சுவர்

நித்யா அந்தப் பரீட்சையில் தேறவில்லை. காதால் கேட்டுச் சொல்லும் பகுதியில் மட்டும் நல்ல மார்க். அடுத்த தடவை ஒழுங்காகத் தேறினாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளே பத்திரிகைக்குக் கடிதம் போடுவாள்.

நான் பாடுவதை நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பியானோ பக்கம் போனாலே அந்த மொசைக் தரைதான் கண்முன் வந்தது. பகலில் துணி துவைத்தேன், துவைத்த துணியை மறுபடி துவைத்தேன்.

பொங்கலுக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு முடித்ததும் இவர் கையேட்டை எடுத்து வந்தார். பொத்தானைப் பிடித்தார். ஐந்தரைக் கட்டை. ஸ, ப, மேல் ஸ மூன்றையும் அழுத்தி, காலால் பெடலை மிதித்துக்கொண்டு ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்தார்.

"பாடு," என்றார். "நான் மிதிச்சுக்கிடுதேன். முடிச்சதும் பிள்ளைக்கு மாத்தி வச்சிருதேன்."

பாய் விரித்து உட்கார்ந்தேன். நித்யா எதிரே முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இரண்டு பேர், என் சொந்தப் புருஷனும் என் வயிற்றில் பிறந்த பிள்ளையும். அவர்கள் முகத்தைப் பார்த்தால் குரல் எழும்பவில்லை. அந்த விழா மேடையில்கூட இவ்வளவு கூசவில்லை நான்.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க," என்றேன்.

"வெளிய குளிருதே," என்றார்.

"ஸ்வெட்டர் போட்டுட்டுப் போங்க."

போனார்கள். அரிசிப் பையைப் பெடலுக்கு வைத்தேன். முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரியில் குரல் கொஞ்சம் தேறியது. மேலே போகும் இடத்தில் கீறியது, விட்டுவிட்டு மறுபடி எடுத்தேன். ஒரு பாட்டு முழுவதும் பாடி முடித்தேன். வெளியே சத்தமே இல்லை. குளிரில் கீழே இறங்கிப் போய்விட்டார்கள் போல என்று கதவைத் திறந்தேன்.

படிக்கட்டு முழுக்க ஆட்கள். இவர் மேல் படியில் மஃப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் நித்யா. அதற்குக் கீழே கன்னா ஆன்ட்டி, மடியில் தட்டு, தட்டில் உரித்த பச்சைப் பட்டாணி. அவருக்கும் கீழே நடு மாடிக்காரர்கள்.

"ஆன்ட்டி, நீங்க எப்படி..." என்று ஹிந்தியில் இழுத்தேன்.

"எப்படியா? நாங்கள் தினமும் கேட்போமே," என்றார் ஆன்ட்டி. "மதியம் நீ பாட ஆரம்பித்தால்தான் எங்கள் வீட்டுக் குட்டிப் பையன் பிட்டுவே தூங்குவான். கொஞ்ச நாளாய்க் காணோமே, உடம்பு சரியில்லையோ என்று நினைத்தோம். அந்த ஒரு வரி இருக்கிறதே, அதையே திரும்பத் திரும்பப் பாடுவாயே, எனக்கே பாடமாகிவிட்டது." சொல்லிவிட்டு, பட்டாணித் தட்டில் தாளம் போட்டு, கனத்த பஞ்சாபிக் குரலில் அந்த வரியைப் பாடியும் காட்டினார். நான் எந்த இடத்தில் எப்போதும் பிசகுவேனோ, அந்த இடத்தில் அதே மாதிரி பிசகினார்.

அப்படியானால் இந்தக் கட்டிடம் மொத்தமும் கேட்டிருக்கிறது. நான் பூனை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். உடம்பெல்லாம் கூசியது. முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"பேட்டா, யஹாம் பஹுத் டண்ட் ஹை," என்றார் ஆன்ட்டி. படியில் ரொம்பக் குளிர்கிறதாம். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். "நாங்கள் உள்ளே வந்து உட்காரலாமா?"

வாருங்கள் என்றேன். எல்லோரும் வந்தார்கள். கட்டிலில் சிலர், தரையில் சிலர். ஆன்ட்டி ஃபிரிஜ்ஜில் சாய்ந்து உட்கார்ந்து மறுபடி பட்டாணி உரிக்க ஆரம்பித்தார். இவர் அரிசிப் பையை நகர்த்திவிட்டு, பெடலில் தன் காலை வைத்தார்.

வெட்கம் போகவில்லை. அவர்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பல்லவியை எடுத்தேன்.